ஒண்டிதுர்க்கத்தில் ஒரு லீக் டெஸ்ட்

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு ரேடியேட்டர் செய்யும் கம்பெனி எங்களுடையது. லைனின் கடைசியில், பேக்கிங் மேஜைக்கு முன்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். செய்து முடித்த ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி அதில் முக்குவார்கள். எங்காவது ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் குமிழி கிளம்பும். கிளம்பினால் அந்த இடத்தைக் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இதற்கு லீக் டெஸ்ட் என்று பெயர். காளியம்மாள் இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் நிற்கிறாள்.

நான் ரேவதி. அவள் பாஸ் பண்ணி அனுப்புவதை அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டுவது என் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே வயது, நாற்பத்தாறு. அவளுக்கு ஊர் முதுகுளத்தூர் பக்கம். குடிதண்ணீருக்குக் குடத்தோடு இரண்டு மைல் நடந்து வளர்ந்தவள். கல்யாணமாகி, லேத் ஓட்டும் புருஷன் கந்தனோடு ஓசூருக்கு வந்தாள். ஒரே மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

குமிழியில் இரண்டு ஜாதி உண்டு என்பாள் காளியம்மாள். ரேடியேட்டரின் மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டு வந்த காற்றும் குமிழியாகத்தான் மேலே வரும். அது பொய்க் குமிழி. இரண்டு தட்டு தட்டினால் நின்றுவிடும். மெய்க் குமிழி நிற்காது. ஒரே இடத்திலிருந்து, ஒரே இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும். புதிதாக வரும் இன்ஜினியர்கள் திணறும்போது அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் ஒரு நிமிஷம் குனிந்து பார்த்துவிட்டு விரலை வைப்பாள். விரல் வைத்த இடத்தில் ஓட்டை இல்லாமல் போய் நான் பார்த்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஷிஃப்ட்டை மாற்றியதில் அவளுக்கு வார லீவு புதன்கிழமைக்குப் போய்விட்டது. புதன்கிழமை லீவு என்றால் வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. கந்தன் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்துவிடுவார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே என்று, ஒரு புதன்கிழமை காலையில் கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறி, கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் வேறு ஒரு பஸ். இத்தனை வருஷத்தில் கம்பெனி பஸ் ஜன்னல் வழியாகத் தெரிந்ததைத் தவிர இந்த மாவட்டத்தில் எதையும் தான் பார்த்ததே இல்லை என்று என்னிடம் சொன்னாள். நானும் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது.

அப்படித்தான் போன வருஷம் ஜூலையில், மாங்காய் சீசன் முடிகிற நேரத்தில், வேப்பனப்பள்ளியைத் தாண்டி ஒண்டிகொத்தூர் என்ற ஊரில் போய் இறங்கினாள். அதற்கப்பால் ரோடு இல்லை. நாலாபக்கமும் மாந்தோப்பு. ஊருக்குப் பின்னால் துணைக்கு இன்னொரு குன்றுகூட இல்லாமல் தனியாக ஒரு மலை. அதன் இடுப்பைச் சுற்றி ஒரு மதில் ஓடுவது கீழேயிருந்தே தெரிந்தது. திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. டீக்கடையில் விசாரித்தாள். அது ஒண்டிதுர்க்கம், அங்கே கல்லைத் தவிர ஒன்றும் இல்லை என்றார்கள்.

ஏறிப் போனாள். முக்கால் மணி நேரத்தில் வாசல் வந்தது. கதவு இல்லை. கதவு சுழன்ற குழிகள் மட்டும் கல்லில் வழவழப்பாக இருந்தன. உள்ளே போனதும் நின்றுவிட்டாள். கோட்டை என்றால் நாலு சுவரும் ஒரு பீரங்கி மேடையும் இருக்கும் என்று நினைத்துப் போனவளுக்கு, எதிரே ஒரு ஊரே கிடந்தது. நேரான கடைத்தெரு. இரண்டு பக்கமும் வரிசையாகக் கல்தூண்கள். கூரை போய், சுவர் இடுப்பளவுக்குக் குறைந்துபோன வீடுகள். தானியம் கொட்டிவைத்த கல் அறை ஒன்று மட்டும் கூரையோடு முழுசாக நின்றது. சாமி இல்லாத ஒரு கோயில். ஆள் உயர உன்னிச்செடி எல்லாவற்றையும் மூடியிருந்தது. கட்டியவன் யார், எந்தக் காலம் என்று சொல்ல ஒரு கல்வெட்டுகூட இல்லை.

அங்கேதான் சென்னம்மாளைப் பார்த்தாள். கடைத்தெரு நடுவில் முப்பது ஆடுகளை மேயவிட்டு ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் சென்னம்மாள். ஊரில் சின்னதாக ஒரு மாந்தோப்பும் இந்த ஆடுகளும் அவளுக்குச் சொத்து. பிறந்தது கர்நாடகப் பக்கம், வாழ்க்கைப்பட்டது தெலுங்கு பேசும் வீட்டில். அதனால் வீட்டில் தெலுங்கு, வெளியாளிடம் தமிழ், ஆட்டைத் திட்டுவதற்குக் கன்னடம். தனியாக ஒரு பொம்பளை மலையேறி வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "புதையல் தேடி வந்தியாக்கா?" என்று கேட்டாளாம். பஸ் இங்கே வந்து நின்றுவிட்டது, அதனால் வந்தேன் என்றாள் காளியம்மாள். அந்தப் பதில் சென்னம்மாளுக்குப் பிடித்துப்போயிற்று. கொண்டுவந்த களியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு காளியம்மாள் வேறு எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் ஒண்டிதுர்க்கம்தான். வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் அந்த வாரக் கதையைச் சொல்வாள். தெருவின் நீளத்தை அடியால் அளந்தது, எண்ணெய் ஆட்டிய கல் செக்கு ஒன்றைச் செடிக்குள் கண்டுபிடித்தது, எந்த வீட்டில் எத்தனை அறை என்று ஒரு பழைய இன்ஸ்பெக்‌ஷன் ரெஜிஸ்டரின் பின்பக்கத்தில் படம் போட்டு வைத்தது. எனக்கு ஆரம்பத்தில் இது ஒரு பைத்தியம் என்றுதான் பட்டது. கேட்கக் கேட்க அந்தத் தெருவில் நானும் நடப்பதுபோல இருந்தது.

அவளை உறுத்தியது கல்யாணி. அந்தப் பக்கத்தில் நாலு புறமும் படி வைத்துக் கட்டிய குளத்தை அப்படித்தான் சொல்வார்கள். கடைத்தெரு முடிகிற இடத்தில், முப்பத்திரண்டு படிகளோடு, ஒரு கல்கூட நகராமல் இருந்தது அது. ஆனால் அடியில் சேறும் கொஞ்சம் பச்சைத் தண்ணீரும்தான். மழை பெய்தால் ஏழெட்டுப் படி ஏறும், தை பிறப்பதற்குள் வற்றிவிடும் என்றாள் சென்னம்மாள். மலை உச்சியில் ஒரு சுனை இருக்கிறது. அது கோடையிலும் வற்றாது. மழைக்காலத்தில் நிரம்பி, கிழக்குப் பாறை வழியாக ஆந்திராப் பக்கத்துப் பள்ளத்தில் கொட்டி, யாருக்கும் ஆகாமல் முள்காட்டுக்குள் போய்விடும்.

"இம்புட்டுப் பெருசா குளம் கட்டுனவன், தண்ணி எங்கிட்டிருந்து வரும்னு யோசிக்காமயா கட்டியிருப்பான்?" என்று காளியம்மாள் கேட்டாள். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் சென்னம்மாளிடம் கேட்டதில்லை.

செப்டம்பரில் நல்ல மழை இரண்டு நாள் பெய்தது. அடுத்த புதன்கிழமை கல்யாணியில் தண்ணீர் ஐந்து படி ஏறியிருந்தது. மேற்குப் பக்கத்துப் படியோரம், தண்ணீருக்குள்ளிருந்து குமிழி வந்துகொண்டிருந்தது. சென்னம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். அது ராணியின் மூச்சு என்றாள். கோட்டை விழுந்த அன்றைக்கு ராணி கல்யாணியில் குதித்துவிட்டாளாம். மழைக்கு மழை மூச்சு விடுவாளாம். ஐப்பசியில் ஊரே வந்து அந்த இடத்தில் பூவும் மஞ்சளும் போடும்.

காளியம்மாளும் கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டு அதே படியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எண்ணினாள். ஆறு நொடிக்கு ஒரு குமிழி. அந்த இடத்தை விட்டு ஒரு விரல்கூட நகரவில்லை. இலை அழுகி வரும் குமிழி இப்படி வராது, அது நினைத்தபோது வரும். அடுத்த வாரம் நல்ல மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தாள். மூன்று நொடிக்கு ஒன்று. மழை இல்லாத வாரத்தில் பத்து நொடிக்கு ஒன்று.

மறுநாள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "ரேவதி, அது மெய்க் குமிழி" என்றாள்.

அவள் கணக்கு இதுதான். மேலே சுனையிலிருந்து கல்யாணிக்கு ஒரு கால்வாய் மண்ணுக்கடியில் இருக்கிறது. மேல்வாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. மழை பெய்யும்போது அடைப்பின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீர் கசிந்து இறங்குகிறது. இறங்கும் தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அந்தக் காற்றுதான் கீழே குமிழி. அப்படியானால் நடுவில் கால்வாய் இடிந்துபோகவில்லை. திறந்துவிட்டால் சுனைத் தண்ணீர் முழுக்கக் கல்யாணிக்கு வந்துவிடும்.

இதை ஊரில் சொன்னபோது வந்தது வினை. சென்னம்மாளின் புருஷனுக்கு அண்ணன் ராமப்பன்தான் அங்கே பெரியமனிதர், கோயில் தர்மகர்த்தா. அவர் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். அவரிடம் நியாயமும் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் யாரோ புதையல் எடுக்கிறோம் என்று கடப்பாரையோடு வந்து, கோட்டைக் கோயிலின் தரையைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு மலையில் வெளியாள் ஒரு கல்லைப் புரட்டினாலும் ஊர் கேள்வி கேட்கும். அதுவும் ராணி மூச்சுவிடும் இடத்தைத் தோண்டுவதா?

காளியம்மாள் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த புதன்கிழமை மறுபடியும் அவர் தோப்புக்குப் போனாள். அவர் மரத்துக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரைக் கழுவிக்கொண்டிருந்தார். முதுகில் மாட்டிக்கொண்டு இழுத்து ஸ்டார்ட் செய்கிற மிஷின். மருந்து இல்லாமல் ஓடவிட்டால் அதன் குழாய் வெறும் காற்றைத்தான் சீறும். அதைப் பார்த்ததும் அவளுக்கு யோசனை ஓடியது. தொழிற்சாலைத் தொட்டிக்கும் அந்தக் கல்யாணிக்கும் என்ன வித்தியாசம்? மேலேயிருந்து காற்றை ஏற்றிவிட்டுக் கீழே தண்ணீரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"கீழ ஒரு கல்லையும் தொடமாட்டேண்ணே. சேத்துல கைகூட வைக்கமாட்டேன். மேல இருந்து காத்து மட்டும் குடுப்போம். நீங்க கல்யாணிப் படியில நின்னு பாருங்க. ஒண்ணும் வரலைன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

ராமப்பன் நிமிர்ந்து பார்க்காமல் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெய்வத்தோடு விளையாடக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

"விளையாடலண்ணே. அந்தம்மா மூச்சு விடுறாங்கன்னுதான நீங்களும் சொல்றீங்க. மழைக்கு மழை திணறித் திணறித்தான் விடுறாங்க. எங்க முட்டுதுன்னு பாக்க வேணாமா?"

அவர் கை நின்றது. டேங்க் மூடியைத் திருகி உள்ளே பார்த்தார். பிறகு, "மிஷின்ல பெட்ரோல் ரொப்பணும்" என்றார்.

அக்டோபர் இரண்டாவது புதன்கிழமை. நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். கந்தனும் தூக்கத்தை விட்டுவிட்டு வந்தார். தன் பெண்டாட்டி மூன்று மாதமாக எங்கே போகிறாள் என்று பார்க்கவும் அவருக்கு ஆசை இருந்திருக்கும். ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு சென்னம்மாளோடு அவர் சுனைக்கு ஏறினார். கூடவே நனைத்த கோணிப்பை, பிசைந்த களிமண். நாங்கள் கல்யாணியில் நின்றோம். ஊரில் ஐம்பது அறுபது பேர் வந்துவிட்டார்கள். ராமப்பன் துண்டை இடுப்பில் கட்டி, பூத் தட்டோடு முதல் படியில் நின்றார்.

காளியம்மாள் தண்ணீர் ஓரத்துப் படியில் குந்தினாள். கம்பெனியில் தொட்டியைப் பார்ப்பதைப் போலவே இரண்டு கையையும் முழங்கால்மேல் ஊன்றி, முகத்தை முன்னால் நீட்டி. போன் என் கையில் இருந்தது. அந்த மலையில் சிக்னல் ஆந்திராவிலிருந்து வரும், கர்நாடகத்திலிருந்து வரும், தமிழ்நாட்டிலிருந்து மட்டும் வராது. எப்படியோ கந்தனின் குரல் கேட்டது.

சுனையின் ஓரத்தில் அவள் ஏற்கெனவே இரண்டு பொந்துகளைக் குறித்து வைத்திருந்தாள். முதல் பொந்தில் குழாயைச் செருகி, கோணியால் சுற்றி அடைத்து மிஷினைப் போட்டார்கள். உச்சியில் அது உறுமுவது எங்களுக்குக் கேட்டது. கல்யாணியில் ஒரு மாற்றமும் இல்லை. பழைய குமிழி ஆறு நொடிக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தது. இரண்டாவது பொந்திலும் அப்படியே. பின்னால் யாரோ சிரித்தார்கள். சிலர் படியேறிப் போக ஆரம்பித்தார்கள். ராமப்பனின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

காளியம்மாள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போனைத் தன் காதில் வைக்கச் சொன்னாள். சுனையைச் சுற்றி எங்காவது கல்லிடுக்கில் கை வைத்தால் சில்லென்று காற்று வரும் இடம் உண்டா என்று சென்னம்மாளிடம் கேட்டாள். சென்னம்மாள், சுனைக்கு நாலு அடி கீழே அத்திமரத்து வேருக்கடியில் ஒரு சந்து இருக்கிறது, கோடையில் ஆட்டுக்குட்டிகள் அங்கேதான் போய்ப் படுக்கும், குளுகுளுவென்று இருக்கும் என்றாள்.

"அதுதான். கோணி பத்தாது, களிமண்ணை அப்பச் சொல்லு. சுத்திலும் ஒரு இடுக்கு இருக்கப்படாது. ஏங்க, அவசரப்படாதீங்க. அடைப்பு சரியில்லைன்னா டெஸ்ட்டே பொய்."

கால் மணி நேரம் ஆயிற்று. மிஷின் மறுபடி உறுமியது. நான் மனசுக்குள் எண்ணினேன். பத்து, இருபது, முப்பது. நாற்பதைத் தாண்டும்போது மேற்குப் படியோரம் தண்ணீர் ஒரு முறை விம்மியது. ஒரு குமிழி, தேங்காய் அளவு, மேலே வந்து உடைந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு அந்த இடமே உலை கொதிப்பதுபோலக் கொதித்தது. சேறு கிளம்பியது, கறுத்த இலைகள் கிளம்பின, எத்தனையோ வருஷத்துப் பூ நாரும் மஞ்சள் துணியும் மேலே வந்து சுழன்றன. படியேறிப் போனவர்கள் எல்லாரும் ஓடிவந்தார்கள். மிஷினை நிறுத்தச் சொன்னாள், கொதிப்பு அடங்கியது. போடச் சொன்னாள், கொதித்தது. மூன்று தடவை அப்படிச் செய்துகாட்டினாள்.

ராமப்பன் தட்டிலிருந்த பூவை எடுத்துத் தண்ணீரில் போட்டார். பூ கொதிப்பில் குதித்துக் குதித்து ஆடியது. அவர் கண் கலங்கியிருந்தது.

காளியம்மாள் எழுந்து முதுகை நிமிர்த்தினாள். "இருபத்திரண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் லீக்கைப் பாத்து சந்தோஷப்படுறேன்" என்று என்னிடம் சொன்னாள்.

அதற்கப்புறம் தோண்டலாமா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை. ராமப்பன் பஞ்சாயத்தில் சொல்லி, தாசில்தார் ஆபீஸுக்கும் எழுதிக் கொடுத்தார். கம்ப்ரசர் வைத்து உடைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது காளியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. மண்ணை மட்டும்தான் எடுக்க வேண்டும், கட்டிய கல் ஒன்றுகூட இடம் மாறக்கூடாது என்றாள். இரண்டு வாரம், வீட்டுக்கு ஒருவராக வந்து கூடையில் சேறு அள்ளினார்கள். கீழ்ப்பக்கம் ஆறடிச் சேற்றுக்குப் பின்னால், சுவரோடு செதுக்கிய ஒரு காளை முகம் வந்தது. ஒரு காது உடைந்திருந்தது. அதன் வாயிலிருந்து நூல்போலத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

மேலே சுனைக்கும் கால்வாய்க்கும் நடுவில்தான் ஆச்சரியம். அங்கே மண்சரிவு எதுவும் இல்லை. கால்வாயின் வாய்க்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி செதுக்கிய ஒரு பலகைக் கல், அதற்கென்று வெட்டிய பள்ளத்தில் இறங்கி நின்றது. சுற்றிலும் களிமண் பூசி இறுக்கியிருந்தார்கள். அதன்மேல்தான் காலப்போக்கில் கல்லும் மண்ணும் சேர்ந்திருந்தன. கடைசியாக அந்த ஊரை விட்டுப் போனவர்கள், பின்னால் வருகிறவனுக்குத் தண்ணீர் கிடைக்கக்கூடாது என்று அடைத்தார்களோ, என்றைக்காவது திரும்பி வந்து திறக்கலாம் என்று அடைத்தார்களோ, யாருக்குத் தெரியும். காளியம்மாள் அந்தக் களிமண்ணைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். நல்லா அடைச்சிருக்காங்க, கைதேர்ந்த ஆள் செஞ்ச வேலை என்றாள். கல்லின் தலையில் கயிறு கோக்க இரண்டு துளை இருந்தது. கயிற்றை முதலில் பிடிக்க ராமப்பன் அவளையும் சென்னம்மாளையும் கூப்பிட்டார். பின்னால் இருபது பேர் பிடித்தார்கள். கல் முனகிக்கொண்டே மேலே வந்தது.

ஆனால் சுனை அப்போது அந்த மட்டத்துக்கு ஒரு முழம் கீழே இருந்தது. மழை வர வேண்டும். பத்து நாள் வானம் வெறுமனே கிடந்தது. கம்பெனியில் காளியம்மாள் தொட்டியில் வேலையாக இருந்தாலும் அவள் கண் ஜன்னல் பக்கம் போய்வந்தது.

நவம்பரில் மழை பிடித்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் விடாமல். புதன்கிழமை காலையில் ஆறு மணிக்கு சென்னம்மாள் காளியம்மாளுக்குப் போன் செய்தாள். அவள் பேசவில்லை. போனை எங்கேயோ நீட்டிப் பிடித்திருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

நானும் லீவு போட்டுவிட்டு, கந்தனையும் சேர்த்து நாங்கள் மூன்று பேரும் குடையோடு ஏறும்போது மலைப்பாதையே ஓடையாக இருந்தது. கல்யாணியில் காளை முகம் அதற்குள் தண்ணீருக்கடியில் போய்விட்டது, அந்த இடத்தில் தண்ணீர் தொடைப் பருமனுக்குப் பொங்கி வந்துகொண்டிருந்தது. பதினெட்டுப் படி முங்கிவிட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு படி முங்கியது. மழையில் நனைந்துகொண்டு ஊர் முழுக்கச் சுற்றிலும் நின்றது. யாரோ ஒருவர் படியை எண்ண ஆரம்பிக்க, எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள். தமிழில் ஒரு பக்கம், தெலுங்கில் ஒரு பக்கம். மத்தியானம் தாண்டி, மூன்றரை மணிக்குக் கடைசிப் படியை நனைத்துக்கொண்டு தண்ணீர் தரைக்கு வந்தது.

அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். காளியம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் கல்யாணியின் தெற்கு மூலையில் ஒரு கல் தாழ்வாக இருந்தது. தண்ணீர் அதன் வழியாக வழிந்து, கடைத்தெரு ஓரத்தில் நீளமாகக் கிடந்த ஒரு பள்ளத்தில் இறங்கியது. வண்டித்தடம் என்று அவள் தன் ரெஜிஸ்டரில் எழுதி வைத்திருந்த பள்ளம் அது. தண்ணீர் அதற்குள் நேராக நடந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கிளை பிரிந்து, செடிக்கடியில் கிடந்த கல்தொட்டியை நிரப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனது. தானிய அறையைச் சுற்றி வளைந்தது. குதிரை லாயம்போல இருந்த நீளமான இடத்தில் ஒரு பெரிய கல்தொட்டியை நிரப்பியது. செக்கின் பக்கத்தில் கொஞ்ச நேரம் தேங்கி நின்றுவிட்டுக் கோயிலுக்குப் போனது.

ஜனங்கள் தண்ணீருக்குப் பின்னால் ஓடினார்கள். அது எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று முன்னால் ஓடிப் பார்த்தார்கள். செடியை விலக்கி வழிவிட்டார்கள். சாமி ஊர்வலத்தில்கூட நான் அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. சென்னம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக ஓடினாள். காளியம்மாள் ஓடவில்லை. மழையில் தெருவின் நடுவில் நின்று, ஒவ்வொரு வாசலாகத் தண்ணீர் தொடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மாதம் கல்லாக அளந்து வைத்திருந்த ஊர் அவள் கண்முன்னால் வீடு வீடாகத் தெரிந்தது. அவள் முகத்தில் மழையா கண்ணீரா என்று நான் கேட்கவில்லை.

கோட்டை வாசலுக்கு அடியில் ஒரு மதகு வழியாக வெளியேறி, அது பாறைச் சரிவில் இறங்கி, இருட்டுவதற்குள் ஊர் ஏரியைத் தொட்டுவிட்டது. பல வருஷமாக மாடு மேய்ந்த ஏரி. கரையில் நின்ற ராமப்பன், ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்க்க, கோயிலில் தர்மகர்த்தாவுக்குக் கொடுத்து, தன் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி சென்னம்மாள் கையில் கொடுத்துக் காளியம்மாள் கழுத்தில் போடச் சொன்னார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். கந்தன் தன் நனைந்த போனில் அதைப் படம் பிடிக்கப் பார்த்தார். போன் வேலை செய்யவில்லை. அதற்காக அவர் இன்றைக்கும் வருத்தப்படுகிறார்.

டிசம்பரில் தொல்லியல் படித்தவர்கள் இரண்டு பேர் வந்து ஊரை அளந்தார்கள். காளியம்மாளின் ரெஜிஸ்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் மேனேஜர் கேண்டீனில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தார். அவள் இரண்டு நிமிஷம் பேசினாள். தண்ணீரைப் பொறுமையாகப் பார்த்தால் அது எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றாள். கோடை வந்தும் கல்யாணியில் பதினேழு படி தண்ணீர் நின்றது. சென்னம்மாளின் ஆடுகள் தண்ணீருக்காக மலையிறங்க வேண்டியிருக்கவில்லை. ஏரியை ஒட்டிய தோப்புகளில் அந்தக் கோடையில் டேங்கர் லாரி வரவே இல்லை.

இப்போது அவள் நீச்சல் கற்றுக்கொள்கிறாள். முதுகுளத்தூர்க்காரிக்கு நீச்சல் எங்கே தெரியும்? சென்னம்மாள்தான் சொல்லிக்கொடுக்கிறாள். முதுகில் காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கட்டிக்கொண்டு இரண்டு மாதம் படியோரமாகவே கையைக் காலை அடித்தாள். போன புதன்கிழமை நானும் போயிருந்தேன். கேனை அவிழ்த்துப் படியில் வைத்துவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து இறங்கினாள். நடுவில் ஒரு முறை தலை முங்கியது, நான் எழுந்துவிட்டேன். சென்னம்மாள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். காளியம்மாள் அந்தக் கரைக்குப் போய்ப் படியைப் பிடித்து, ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே முடியைப் பிழிந்தாள்.

"இப்ப நீ வா" என்றாள் என்னைப் பார்த்து.